குதிரைகளுக்குப் பின்னால் என் தங்கை

என் தங்கை மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். விஸ்கான்சினில் எங்கள் ஓடைப் பாலம் பழுதென்று மூடப்பட்டதிலிருந்து, இக்கரைப் பிள்ளைகளை அக்கரைப் பள்ளிக்கு அவள் குன்றைச் சுற்றித்தான் கூட்டிப்போக வேண்டும். பனிக்காலத்தில் அவர்கள் இருட்டிலேயே சாலையோரம் நிற்பார்கள். பாலம் கேட்டு அலுத்தவள், எங்கள் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் லிண்டாலை எதிர்த்து கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தலில் தானே நின்றாள். கட்சிக்குள் அவளுக்கு ஆளே கிடையாது.

எங்களூரில் ஓட்டுக் கேட்பதே ஜூன் மாதப் பால் திருவிழா ஊர்வலத்தில்தான். வேட்பாளர்கள் திறந்த காரிலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவார்கள். எங்கள் வேட்பாளர்களுக்கு அதில் இடம் ஒதுக்கியவள் உள்ளூர்க் கட்சித் தலைவி டோரிஸ். லிண்டாலுக்கு வாத்தியக் குழுவை அடுத்த இடம். மார்லிஸுக்குக் கடைசியில், குதிரைகளுக்குப் பின்னால்.

"வேணும்னே அவளை அங்க போட்டியா டோரிஸ்?" என்று சண்டைக்குப் போனேன்.

"யாராவது கடைசியா வரணும்ல, ஆர்வின்."

மார்லிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுண்ணே. உன் தள்ளுவண்டியும் மண்வாரியும் குடு."

வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, திருகுகளை முடுக்கிக் கொடுத்தேன்.

குதிரைகள் லத்தி போட்டபடி நடந்தன. வெள்ளைச் சட்டையில் அவள் பின்னாலேயே வாரி வாரி வண்டியில் போட்டாள். முதலில் சிரிப்புதான்.

"மார்லிஸ், லிண்டாலோட பேச்சையும் சேத்து வாரிடு!" என்று ஒருவன் கத்தினான்.

"அதுக்கு லாரி வேணும்பா. லாரி வரணும்னா பாலம் வேணும்!"

எங்கள் ஊர்க்காரர்கள் தேசியக் கொடி கடந்து போகும்போது மட்டும்தான் மடக்கு நாற்காலியை விட்டு எழுவார்கள். அன்று லத்தி வண்டிக்கும் எழுந்தார்கள். தெரு நெடுக, வரிசையாக.

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் தோற்றாள். ஆனால் அவளுக்கு விழுந்த ஓட்டுகள் பொதுத்தேர்தலில் லிண்டாலுக்கு வேண்டியிருந்தன; ஒருமுறை தன் பேருந்தில் வந்து பார்க்கச் சொன்னாள். பள்ளி திறந்த அன்று காலை, மூடிய பாலத்தருகே என் வீட்டு முன்னால் நின்ற பேருந்திலிருந்து, சுற்றுவழியில் முகம் வெளிறிப்போன லிண்டால் இறங்கினார். அக்கரையில் பள்ளிக் கூரை தெரிந்தது.

"பள்ளிக்கூடம் இதோ இருக்கே!"

"இருக்கு. ஏறுங்க, பிள்ளைங்களுக்கு நேரமாச்சு. திரும்பவும் அதே சுத்துதான்" என்றாள் மார்லிஸ்.

ஏறினார். பொதுத்தேர்தலில் கூட்டத்துக்குக் கூட்டம் அவர் முதலில் பேசியது பாலத்தைத்தான்; சொற்கள் என் தங்கையுடையவை. இப்போது ஓடையில் புதுத் தூண்கள் எழுகின்றன. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். லத்தி வாரிய அந்தக் கைகள் இதை எழுப்பியதை இன்னும் நம்பமுடியவில்லை.