கசந்துபோன கேக்

மார்த்தாண்டத்துக்கு மருமகளாய்ப் போன பின் எனக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ். கணவரின் பாட்டி கைப்பட எழுதிய சமையல் புத்தகத்தைத் தந்து, மாமியார் கேக் சுடச் சொன்னார். எனக்கு எழுத்துத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆப்பச்சோடாவை அள்ளிப் போட்டுவிட்டேன்.

பக்கத்தில் வர்ணத்தாளில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த, கணவரின் அண்ணன் பிள்ளைகள்தான் முதலில் தின்று துப்பினார்கள்.

"புஸ்தகத்துல உள்ளதுபோலத்தானே செய்தே, மக்கா?" என்றார் மாமியார்.

"சித்தி புஸ்தகத்தத் தலைகீழால்லா வச்சிருந்தாவ!" என்றாள் அந்தப் பிள்ளைகளில் பெரியவள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாமியார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அந்தப் பெண் மிச்சத் தாளில் ஓர் எழுத்தை வெட்டி என் மடியில் வைத்தாள். "இது அனா, சித்தி."

தினமும் ஓர் எழுத்து வெட்டிப் படித்தோம். அந்தப் புத்தகத்தை நானே வாசிக்கும்வரை தெரியக்கூடாது என்று, மாமியார் வரும் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன்.