ஒரு பரீட்சை, ஒரு கையெழுத்து: ராணுவ வீரரின் மனைவியாகக் குடியுரிமை கேட்டு லண்டனில் மூன்று நாள்

2007 அக்டோபரில் மூன்று நாள் லண்டன் போய்வந்தேன். கடிகாரக் கோபுரம், பாலம், மெழுகுப் பொம்மை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், அதெல்லாம் இதில் கிடையாது. வெளிநாட்டு பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பில் இருந்துகொண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மனைவிமார் யாராவது தமிழில் தேடினால் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தேடியபோது ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

என் ஊர் மதுரை. கணவர் முரளி லண்டனில் பிறந்தவர், வண்டி மெக்கானிக். கல்யாணமாகி வந்த புதிதில் தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மாடியில் குடியிருந்தோம். பிறகு முரளி ராணுவத்தில் சேர்ந்தார், லாரிகளையும் டாங்கிகளையும் பழுதுபார்க்கும் பிரிவில். ஜெர்மனிக்கு மாற்றினார்கள். எங்கள் மகள் நிலா அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் அதில் முரளியின் மனைவி என்று சொல்லும் ஒரு முத்திரையும்.

பிரிட்டிஷ் குடிமகனின் மனைவி குடியுரிமை கேட்க மூன்று வருடம் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். கணவர் அரசுப் பணியில் வெளிநாட்டில் இருந்தால் அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம். அந்த வழியில்தான் நான் விண்ணப்பிக்க இருந்தேன். அவசரம் எதற்கு என்றால், முரளியின் பிரிவு ஆப்கானிஸ்தானுக்குக் கிளம்பவிருந்தது. குடியிருப்பின் நல அலுவலர் என்னை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, "அவர் போவதற்கு முன்னால் விண்ணப்பம் போய்ச் சேரட்டும்" என்றார். ஏன் என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். அந்த விதி மனைவிக்குத்தான், விதவைக்கு இல்லை என்றார். மகள் ஒரு நாட்டுக்காரி, அம்மா இன்னொரு நாட்டுக்காரி, நடுவில் இருந்த ஆளும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்து இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

லண்டனில் இரண்டு வேலை. ஒன்று, பிரிட்டிஷ் வாழ்க்கை பற்றிய பரீட்சை. இன்னொன்று, விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்து. என்னை மூன்று வருடமாகத் தெரிந்த இரண்டு பேர் போட வேண்டும். எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை முன்பே போட்டு அனுப்பிவிட்டார். குடியிருப்புத் தோழிகளுக்கு என்னை இரண்டு வருடமாகத்தான் தெரியும். மிச்சம் இருந்தது மிச்சத்து வீட்டுக்காரர்கள், குலம் அண்ணையும் சாந்தி அக்காவும். இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள்.

தபாலில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் முரளி ராணுவத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஜெர்மனியில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனோம், அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ராணுவத்தை அவர்கள் "ஆமி" என்பார்கள்; இலங்கை ராணுவத்தைப் பார்த்து வந்த அந்த வீட்டில் அந்தச் சொல் வந்தால் பேச்சு நின்றுவிடும். அதைத் தபால் உறைக்குள் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வியாழன் காலை நிலாவை முரளியிடம் விட்டுவிட்டு பாடர்போர்னிலிருந்து விமானம். ஒன்றேகால் மணி நேரத்தில் ஸ்டான்ஸ்டெட். அங்கிருந்து விக்டோரியாவுக்கு பஸ், பத்து பவுண்டு. ஒன்றரை மணி நேரம் என்பார்கள், நெரிசலில் இரண்டு ஆனது. ரயில் வேகம், ஆனால் விலை அதிகம். விக்டோரியாவிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் சுரங்க ரயிலில் விம்பிள்டன், அங்கே ட்ராம் மாறினால் மிச்சம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆய்ஸ்டர் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து டிக்கெட் எடுத்தால் கொள்ளை. ட்ராமில் மடியில் விண்ணப்பக் கோப்பை வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படிக்கவில்லை.

குலம் அண்ணையின் மளிகைக் கடை கீழே, வீடு மேலே. கடை வாசலிலேயே சாந்தி அக்கா கட்டிக்கொண்டார். "வாங்கோ பிள்ளை, மெலிஞ்சு போனியள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?" என்றார். குலம் அண்ணை கல்லாவை விட்டு எழாமலே, "முரளி எப்பிடி? அங்கை கராஜ் சொந்தமாப் போட்டிட்டானோ?" என்று சிரித்தார். நான் கோப்பைப் பைக்குள் தள்ளிவிட்டு மாடியேறினேன்.

சாப்பாட்டு மேசையில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இரண்டு வாய் சாப்பிட்டதும் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, முரளி கராஜ்ல இல்லை. பிரிட்டிஷ் ஆர்மியில இருக்கார். மெக்கானிக்தான், ஆனா ஆர்மி. இப்ப ஆப்கானிஸ்தான் போகப் போறார். எனக்கு சிட்டிசன்ஷிப்புக்கு உங்க கையெழுத்து வேணும்."

"ஆமியோ?" என்றார் குலம் அண்ணை. அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். தட்டில் பாதிப் புட்டு அப்படியே இருந்தது.

"நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளை. அவருக்கு உங்களில கோபமில்லை" என்றார் சாந்தி அக்கா. கோபமில்லை என்றால் வேறு என்ன என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விண்ணப்பத்தை அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் நான் எழும்போது அண்ணை மொத்தக் கொள்முதலுக்குப் போய்விட்டிருந்தார். விண்ணப்பம் வைத்த இடத்திலேயே இருந்தது. திறந்து பார்த்தேன், கையெழுத்து இல்லை.

பரீட்சை மையம் கிழக்கு லண்டனில், அப்டன் பார்க் பக்கம். அங்கேதான் அந்த வாரம் இடம் கிடைத்தது. மிச்சத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் கையிலிருக்கட்டும்: ட்ராம், விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன், ஏர்ல்ஸ் கோர்ட்டில் ரயில் மாற வேண்டும். வழியெல்லாம் பரீட்சைக் கையேட்டைப் புரட்டினேன். எந்த வரியும் மண்டையில் ஏறவில்லை. பாராளுமன்றத்தில் எத்தனை பேர் என்று படிக்கும்போதே, குலம் அண்ணை இன்றைக்கும் போடாவிட்டால் வேறு யார் என்று மனசு கணக்குப் போட்டது. வேறு யாரும் இல்லை. எத்தனை முறை எண்ணினாலும் யாரும் இல்லை.

மையத்தில் இன்னொரு சிக்கல். ராணுவக் குடியிருப்புகளுக்கு சாதாரண அஞ்சல் குறியீடு கிடையாது, ராணுவ அஞ்சல் எண் மட்டும்தான். மேசையில் இருந்த பெண் அதைக் கணினியில் தட்டிப் பார்த்தார். அது ஏற்கவில்லை. என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்கள் எல்லோரும் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள், நான் மட்டும் வாசலில். ஒருவழியாக முரளியின் படைப்பிரிவு கொடுத்த கடிதத்தைக் காட்டியதும் விட்டார்கள். கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

இருபத்துநான்கு கேள்விகள், நாற்பத்தைந்து நிமிடம், கட்டணம் முப்பத்துநான்கு பவுண்டு. பதினெட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. கையேட்டை ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் கஷ்டமில்லை. அரை மணி காத்திருந்தபின் தேர்ச்சிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தொலைத்தால் இன்னொரு பிரதி தரமாட்டார்களாம், பத்திரம். தெருவில் இறங்கி க்ரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்க் கடையில் டீ வாங்கிக் குடித்தேன். சந்தோஷமே வரவில்லை. அந்தக் கடிதம் மட்டும் தனியாக எதற்கு உதவும்?

நான் திரும்பும்போது கடையில் ஆளில்லை. குலம் அண்ணை கல்லாவில், முன்னால் என் விண்ணப்பம்.

"பாஸோ?"

"ஆமா அண்ணே."

"கெட்டிக்காரி." விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "இருங்கோ பிள்ளை" என்று பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

"ஊரில ஆமிக்காரங்கள் என்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நான் ஆமிக் காம்புக்குப் போனனான். ஆரும் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைச்சா நாளைக்கு விடுறம் எண்டு சொன்னாங்கள். வைச்சனான். அடுத்த நாள் முழுக்க வாசல்ல நிண்டனான். அவன் வரேல்லை."

அதற்குமேல் நான் கையெழுத்தைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனாலும் சொன்னேன். என் பயம் எனக்கு. "அண்ணே, இது ஆர்மிப் பேப்பர் இல்லை. எனக்கும் நிலாவுக்கும்தான்."

"தெரியும். ரெண்டு தரம் வாசிச்சிட்டன். உங்களைப் பற்றி எழுதிறதுக்கு எனக்கென்ன பிள்ளை? ஆனா இதில முரளியின்ரை பேர் கிடக்கு, ஆமி நம்பர் கிடக்கு. அதுக்குக் கீழை நான் கையெழுத்து வைச்சு, அவனுக்கு ஏதும் நடந்தா..." நிறுத்திவிட்டார். பேனா மூடியைக் கழற்றினார், மூடினார். "என்னால ஏலாது. அவன் திரும்பி வரவேணும்."

இவ்வளவு நேரம் அவர் எங்களை வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பால் பெட்டியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் ரொட்டி வாங்க வந்தார், அண்ணை எழுந்து கொடுத்து அனுப்பினார், நான் அழுதுகொண்டேதான் இருந்தேன்.

சாந்தி அக்கா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இறங்கி வந்து, "இஞ்ச தாங்கோ. நான் வைக்கிறன்" என்றார்.

"உமக்குப் பயமில்லையே?" என்று கேட்டார் அண்ணை.

"பயம்தான். அதுக்காகப் பிள்ளையை வெறுங்கையோடை அனுப்பிறதே?"

குலம் அண்ணை மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தையும் கொடுக்கவில்லை. மாடிக்குப் போய் அக்காவின் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். பெயர், முகவரி, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், என்னைத் தெரிந்த காலம், எல்லாக் கட்டங்களையும் பெரிய எழுத்தில் அவரே நிரப்பினார். ஒவ்வொன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை அக்காவிடம் நீட்டிவிட்டு, அடுக்கியிருந்த டின்களைத் திருப்பி வைக்கப் போய்விட்டார். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, செல்லும்.

சனிக்கிழமை திரும்பினேன். முரளி கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பரீட்சைக்கு முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ராணுவ அஞ்சல் எண்ணை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு போகாதீர்கள், படைப்பிரிவின் கடிதம் கட்டாயம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள். குடியுரிமை வந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அந்த வருத்தத்தை இப்போதே பட்டு முடித்துவிடுங்கள். கணவர் போருக்குப் போகும் வரை காத்திருக்காதீர்கள், ஊர் மாற்றல் வந்த அன்றே ஆரம்பியுங்கள். சாட்சிக் கையெழுத்தைத் தபாலில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். எதிரில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

விண்ணப்பம் கிடைத்ததாக மட்டும் இதுவரை ஒரு கடிதம் வந்திருக்கிறது. முடிவு வர மாதங்கள் ஆகும் என்கிறார்கள். முரளி போய் மூன்று வாரமாகிறது. நேற்று குலம் அண்ணை போன் செய்தார்.

"இன்னும் முடிவு வரலை அண்ணே" என்றேன்.

"அதைக் கேக்க எடுக்கேல்லை பிள்ளை. அவன் கதைச்சவனோ?"

"ஆமா அண்ணே. ஞாயித்துக்கிழமை பேசினார். நல்லா இருக்கார்."

"காணும், அது போதும்" என்றார், வைத்துவிட்டார்.