அரை மணி என்று சொன்னேன்

படகு கிளம்பியதிலிருந்து கரை சேர எவ்வளவு நேரம் ஆனது என்று டாக்டரம்மா கேட்டார். அரை மணி என்று சொன்னேன். இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலியில் இறந்தது என் அண்ணன். நான் பதில் சொல்லும்போது அண்ணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன்பே நோயாளிகள் ஏன் சாகிறார்கள் என்று டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறார். கரை சேரவே நேரமாகிற ஊர்களுக்குப் படகு ஆம்புலன்சும், ஹெலிகாப்டர் இறங்க மேட்டு நிலமும் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதப் போகிறார். அதற்காகத்தான் ஏரி நடுவில் இருக்கும் எங்கள் தீவுக்கு வந்திருந்தார்.

"வாயுன்னாரு, சோடா குடு சரியாப்பூடும்னாரு. இவன் அவ்ளோ கெஞ்சியிருக்கான். ஒரு மணி நேரம் எழுந்துக்கல மவராசன். நான் அன்னிக்கு பழவேற்காட்டுல மீன் வித்துக்கினு இருந்தேன். ஊட்ல இருந்தா இழுத்துக்கினு போயிருப்பேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள் அண்ணி.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "அப்ப உங்க ஊருக்கு தூரம் பிரச்சினை இல்ல. கெளம்பறதுலதான் லேட்டு. நெஞ்சுவலி வந்தா ஒடனே கெளம்பணும்னு கூட்டம் போட்டுச் சொன்னா போதும்" என்றார்.

அண்ணன் அடம்பிடித்தார் என்று அண்ணியிடம் சொன்னது நான்தான். அது பொய். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் கூப்பிட்டதும் வந்து படகில் படுத்துவிட்டார். கோடையில் ஏரியில் தண்ணீர் குறைவு, சுற்றிப் போனால்தான் ஆழம். நான் அவசரத்தில் குறுக்கே விட்டேன். பாதியில் தரை தட்டி, இன்ஜின் விசிறி சேற்றில் புதைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தனியாகத் தள்ளினேன். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆம்புலன்சிலேயே உயிர் போய்விட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று அண்ணி கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. ஆனாலும் டாக்டரம்மா படகேறும் இடம்வரை பின்னாலேயே போய், நடந்ததைச் சொன்னேன்.

"சுத்திப் போயிருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியலண்ணா. தெரியும்னு சொன்னா பொய்யாயிடும்." நான் சொன்ன அரை மணியை அடித்துவிட்டு, ஒன்றரை மணிக்கு மேல் என்று எழுதினார். "ஏரியில தண்ணி இல்லாததும் காரணந்தான், அதையும் எழுதறேன். ஆனா ஒரு மணி நேரம் எழுந்துக்கலன்னு உங்க அண்ணி சொன்னத நானா அடிக்க முடியாது. அவங்கதான் மாத்திச் சொல்லணும். நான் காத்திருக்கேன்."

திரும்பி வந்தேன். அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குறுக்கே விட்டது, தரை தட்டியது, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"கூப்ட்ட ஒடனே வந்தாரா?"

"ஒடனே வந்தாரு அண்ணி. ஒரு வார்த்த பேசல."

அவள் கையைத் துடைக்கவில்லை. அப்படியே எழுந்து, டாக்டரம்மா காத்திருந்த படகேறும் இடத்துக்கு நடந்தாள். வாசலைத் தாண்டியதும் நின்றாள்.

"ரெண்டு வருசமா அந்த மனுசனத் திட்டிக்கினு இருந்தேன். நீயும் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தியே தம்பி."