எழுந்தேற்ற நேரத்தில் நிறுத்திய எஞ்சின்

தண்டையார்பேட்டை இரும்புக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சௌக்கத் அலி இருபத்திரண்டு வருஷம் கார்புரேட்டர் வேலை பார்த்தார். லாரியோ, மோட்டார் சைக்கிளோ, படகு எஞ்சினோ, எது வந்தாலும் அரை நிமிஷம் ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். "பாய் தொட்டா ஓடும்" என்று அந்தப் பக்கத்து டிரைவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்காதவர்போல் பீப்பாய்த் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருப்பாரே தவிர, அந்தப் பேச்சு அவருக்கு மிகவும் பிடிக்கும்.

ராயபுரம் கஸ்பார் அவருக்கு எட்டு வயது இளையவன். மைக் செட்டும் சீரியல் பல்பும் வாடகைக்கு விடுகிறவன். பட்டாளத்தார் கழித்துக்கட்டிய ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தான். இருவர் தூக்கினால் வண்டியில் ஏறிவிடும். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் கிளம்பும். எண்ணூர் வரைக்கும் கரண்ட் இல்லாத குப்பங்களில் கல்யாணம், சாவு, கோயில் திருநாள் எல்லாவற்றுக்கும் அவன் வெளிச்சம்தான். மனைவி ஹில்டா மஞ்சள்காமாலையில் செத்துப் பிழைத்த வருஷம், இனி பீடியைத் தொடுவதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு, மடியிலிருந்த பீடிக்கட்டைக் கடலில் எறிந்தவன். அது குப்பத்துக்கே தெரியும்.

எழுபத்துமூன்றின் கடைசியில் பெட்ரோல் விலை ஒரே தாவாகத் தாவியது. கஸ்பார் ஜெனரேட்டரைக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினான்.

"இன்னா பாய், இத காஸ்ல ஓட்ட முடியுமா? பெட்ரோலு விக்கற வெலைக்கு, இனிமே மாப்பிள்ளைக்கு வேணாம், பெட்ரோலு டேங்குக்குத்தான் மொய் எழுதணும்."

"எஞ்சினுக்கு இன்னா தெரியும், பெட்ரோலா காஸான்னு? மூச்சு முட்டாம குடுத்தா ஓடும். சிலிண்டருக்கு எங்கடா போவ?"

"வூட்டாண்ட கீது."

பின்னாலேயே ஹில்டா வந்து நின்றிருந்தாள். "நல்லா கேளுண்ணே. பேரு எழுதி வச்சிட்டு ரெண்டு வருசம் காத்துகினு கெடந்தேன். பதினோரு நாளு சமைச்சேன். இப்ப அடுப்புலேர்ந்து உருவிகினு வந்துட்டாரு. நான் மறுபடி மண்ணெண்ணெய் அடுப்பு பம்ப் அடிச்சிகினு ஒக்காரணும்."

"அடுத்த சிலிண்டரு உனக்குத்தான் கண்ணு," என்றான் கஸ்பார்.

"உன் பேச்ச நம்பி அரிசி களைஞ்சா, வேகாத அரிசியத்தான் தின்னணும்."

சௌக்கத் அலி சிரித்துவிட்டார். தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

நான்கு நாள் வேலை. கார்புரேட்டரின் தொண்டையில் துளை போட்டு, ஒரு பித்தளைக் குழாயைத் திருகி இறக்கினார். அடுப்புக்கு வந்த ரெகுலேட்டரிலிருந்து ரப்பர் குழாய். நடுவில் ஒரு சின்னத் திருகு குழாய். அதைக் கொஞ்சம் திறந்தால் எஞ்சின் இருமும், கூடத் திறந்தால் மூச்சடைத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் சரியாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார். ஒரே ஒரு குறை. எஞ்சின் நின்றாலும் காஸ் நிற்காது. பெட்ரோலாக இருந்தால் எஞ்சின் இழுத்தால்தான் வரும். இது தானே வந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு தடுப்பு வேண்டும். அந்தச் சாமான் மெட்ராஸில் அவருக்குத் தெரிந்து எங்கும் கிடைக்கவில்லை.

"வேல முடிஞ்சா சிலிண்டர மூடிடு," என்றார். "நடுவுல அஞ்சு பத்து நிமிசம் நிறுத்தினா, எதையும் மூடாத, கோட்டுல கை வைக்காத. மறுபடி அந்த எடம் புடிக்கறது உன்னால ஆவாது. கொஞ்சம் நாத்தம் அடிக்கும், பயந்துக்காத."

கொட்டகை நாலு பக்கமும் திறந்தே கிடக்கும். எந்த நாற்றத்தையும் கடற்காற்று அப்போதைக்கப்போதே கொண்டுபோய்விடும். அங்கே நின்றுதான் இதைச் சொன்னார்.

இரண்டு கல்யாணம், ஒரு கருமாதி. மூன்றிலும் எஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது. கஸ்பார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பாயின் புகழ் பாடினான்.

பிப்ரவரியில் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் லூர்து மாதா திருநாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜெனரேட்டர் சத்தம் பூசையைக் கெடுக்கும் என்று, கோயிலுக்குப் பின்னால் மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, எஞ்சினை அதற்குள் இறக்கி, சுற்றிலும் தகரம் நிறுத்துவார்கள். அப்படியும், சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுந்தேற்ற நேரத்தில் எஞ்சினை நிறுத்தியே ஆகவேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் சனங்கள் கையில் மெழுகுவத்தியோடு முட்டிபோட்டிருப்பார்கள். கஸ்பார் ஒன்பது வருஷமாக இதைச் செய்து பழகியவன்.

முதல் பெரிய ஓட்டம் என்று சௌக்கத் அலியும் போயிருந்தார். பூசை நடக்கிற இடத்தில் தான் நிற்கவேண்டாம் என்று ரோட்டோரம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல சீரான சத்தம். அன்று காற்றே இல்லை. மணி அடித்ததும் எஞ்சின் நின்றது, பல்புகள் அணைந்தன. பாட்டு எழும்பித் தணிந்தது. பத்து நிமிஷத்தில் எஞ்சின் ஒருமுறை இருமியது. அதே நொடியில் கோயிலுக்குப் பின்னால் பள்ளம் முழுவதும் நீலமாக எரிந்து எழுந்தது.

காஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைக் கண்டால் தண்ணீர்போல் இறங்கித் தேங்கும் என்பது சௌக்கத் அலிக்குத் தெரியாததல்ல. கோயிலை நோக்கி ஓடும்போது, எஞ்சினைக் கிளப்பின பொறியே தேங்கிய காஸைப் பற்றவைத்துவிட்டது என்பது அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

கூட்டம் அலறிச் சிதறியதில், பள்ளத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். சட்டையைக் கழற்றிப் போர்த்திக் கஸ்பாரை மேலே இழுத்தார். கிளப்பும் கயிறு அவன் வலது கையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. சதையோடு ஒட்டியிருந்த அதை மெல்லப் பிரித்தெடுத்துத் தீயில் போட்டார். ஏன் போட்டார் என்று பிறகு எத்தனையோ நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். அப்போது, அவனுக்கு வலிக்கும், அது அவன்மேல் இருக்கக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் கஸ்பார் இறந்தான்.

அதற்குள் குப்பத்தில் பேச்சு முளைத்துவிட்டது. இருட்டில் திருட்டுத்தனமாகப் பீடி பற்றவைத்தான். நேர்ந்துகொண்டதை மாதாவின் பூசையிலேயே முறித்தான். மாதா சும்மா விடுவாளா? போலீசும் பீடி என்றே எழுதியது. அடக்கத்தன்று ஹில்டா சௌக்கத் அலியின் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீதான மொதல்ல போன. அவுரு புடிச்சாரா?"

"தெரியலம்மா," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு கொட்டகையில் உட்கார்ந்து எந்த எஞ்சினைக் கேட்டாலும் அவருக்குக் கோளாறு பிடிபடவில்லை. ராயபுரத்தில் பெண்கள் குழாயடியில் ஹில்டாவுக்கு முகத்தைத் திருப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டார். கஸ்பாருக்குப் பூசை வைக்கக் காசு வசூலித்தபோது சில வீடுகளில் கதவைச் சாத்தினார்களாம்.

மனைவி சாபிராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"செத்தவன் திரும்பி வரப்போறானா? நீ போய் சொல்லு. புடிச்சி உள்ள போடுவான். இந்த ரெண்டு பொண்ணுங்கள நான் எவன் வாசல்ல கொண்டுபோய் வுடறது?"

"அவன் பீடி புடிக்கல சாபிரா."

"அது அல்லாவுக்குத் தெரியும். போதாதா?"

"ஹில்டாவுக்குத் தெரியாதே."

சாபிரா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். அது முடிந்து அவர்கள் வெளியே வரும்வரை சௌக்கத் அலி கோயில் வாசலில், வேறு வேலையாய்ப் போகிற கூட்டத்துக்கு நடுவில் காத்துநின்றார். ஹில்டா படியிறங்கியதும் எதிரே போனார்.

"தங்கச்சி, கஸ்பாரு பீடி புடிக்கல. நெருப்பு புடிக்கச்சொல்ல கயிறு அவன் கையில சுத்தியிருந்திச்சு. நான்தான் அவுத்தேன். கயிறு இழுக்கறவன் எந்தக் கையால பீடி கொளுத்துவான்? காஸ மூடாதன்னு சொன்னவன் நான். நாத்தம் அடிச்சா பயப்படாதன்னு சொன்னவனும் நான்."

ஹில்டா அவரைத் தாண்டிப் பார்த்தாள். குழாயடிப் பெண்கள் இரண்டு பேர் வேலியோரம் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவளுங்களுக்குக் கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

சொன்னார்.

"இன்னும் சத்தமா."

மூன்றாம் முறை சொல்லும்போது தெருவே நின்று கேட்டது. முழுவதும் சொன்னார்.

"போதும்," என்றாள் ஹில்டா. "முப்பது நாளு என்னைய சாவடிச்ச. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனார். முடித்து வைத்த வழக்கை ஏன்யா கிளறுகிறாய் என்று இன்ஸ்பெக்டர் எரிந்துவிழுந்தார். சௌக்கத் அலி மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; கடைசியில் எழுதிக்கொண்டார்கள். பத்து மாதம் சிறை. வெளியே வந்தபோது கொட்டகையில் வேறொருவன் டயர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். சாபிரா பெண்களைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பினாள். அவர் எஞ்சினைத் தொடவில்லை. யாரும் கொண்டுவரவுமில்லை. துறைமுகத்தில் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது.

பாரிமுனை பஸ்ஸில் சிலசமயம் ஹில்டா ஏறுவாள். அவளைப் பார்த்ததும் சௌக்கத் அலி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதி தூரத்தை நடந்தே போவார். எழுபத்தெட்டில் ஒருநாள் கொட்டுகிற மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அன்றும் இறங்கினார். ஹில்டா அவரைக் கூப்பிடவில்லை. சாரல் உள்ளே அடித்தது. ஜன்னல் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.