கணக்குக்கு ஞாயிறு கிடையாது

“டீச்சர், கருத்தடை மாத்திரை போட்டா நடுநடுவுல ரத்தம் படுமா?”

திண்டிவனத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தபோது, கணக்கு டீச்சர் பரிமளா என்னிடம் கேட்ட கேள்வி இது. போன வாரம் விழுப்புரத்திலிருந்து அவள் கணவர் போன் செய்தார். “பிரசவத்துல ரத்தம் நிக்கல டீச்சர். பரிமளா போய்ட்டா.” குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்டேன். “இருக்குது. இதுவும் பொண்ணுதான்” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைகள் நினைவிருக்கும். வீட்டுக்கணக்கு கொடுப்பாள், பிள்ளைகள் முனகுவார்கள். “கணக்குக்கு ஞாயித்துக்கிழமை கிடையாதுடா” என்பாள்.

இரண்டாவது பிரசவத்திலேயே ரத்தப்போக்கில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று உண்டானால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருத்தடை ஆபரேஷனுக்கு மாமியார் விடவில்லை. “மொதல்ல ஆம்பளப் புள்ளயப் பெத்துக் குடு. அப்பால என்னா வேணா பண்ணிக்கோ.” டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை வீட்டில் வைக்கப் பயந்து, ஆசிரியர் அறையில் தன் சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்திருந்தாள்.

அன்று அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். புதிதாகப் போர்வெல் போட்டால் முதலில் கலங்கல் தண்ணீர் வரும், ஓட ஓடத் தெளியும். உடம்பும் அப்படித்தான். முதல் சில மாதங்கள் திட்டுத் திட்டாகப் படலாம், குமட்டலாம், மார்பு கனக்கலாம். “தினமும் விடாமப் போடறியாம்மா?”

“போடறேன் டீச்சர். சனி, ஞாயிறு மட்டும் இல்ல.”

“ஏன்?”

“ஸ்கூல் லீவாச்சே!”

இருவரும் சிரித்துவிட்டோம். “கணக்குக்குத்தான் ஞாயித்துக்கிழமை கிடையாதா?” என்றேன். அவள் சிரிப்பு நின்றது. மாத்திரையை இடையில் விட்டால் ரத்தமும் படும், கருவும் தங்கும் என்று சொன்னேன். மறுநாள் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். அதன்பின் சனி, ஞாயிறுகளில் மாத்திரையைக் கைப்பையில் ஒளித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கலங்கல் தெளிவதற்குள் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும் நாள் வந்தது. அன்று ரத்தம் பட்டது. “மாசத்துல எத்தினி வாட்டிடி தூரமாவ? நீ குடும்பம் பண்ண வந்தியா, மூலையில குந்த வந்தியா?” என்று மலையடிவாரத்தில், சொந்தக்காரர்கள் முன்னால் மாமியார் கேட்டார். அவளைக் கீழேயே உட்காரவைத்துவிட்டு எல்லோரும் மலையேறினார்கள். அவளுடைய பெண்கள் இரண்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயினவாம். இதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

வீடு திரும்பியதும் மாமியார் சந்தேகப்பட்டு அவள் கைப்பையைக் கொட்டினார். மாத்திரை சாக்கடைக்குப் போனது. “ரத்தம் நின்னாப் போதும், வுடு” என்றார் கணவர். ரத்தம் நின்றது. சில மாதங்களில் மாதவிலக்கும் நின்றது. இனிப்பு வாங்கினார்கள்.

சாவு வீட்டில் மாமியார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “கண்ட மாத்திரையப் போட்டு வயித்தக் கெடுத்துக்கினா. அதான் பூட்டா.” கூட்டம் தலையாட்டியது.

“மாத்திரை கொல்லலம்மா. அதப் புடுங்காம இருந்தா இவ இருந்திருப்பா” என்றேன்.

“டீச்சருக்குக் காபி குடுங்கப்பா” என்றது ஒரு குரல்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வெள்ளிக்கிழமை வாக்கியத்தைத்தான். உங்களுக்கும் அதையே வீட்டுக்கணக்காகத் தருகிறேன். உங்கள் வீட்டில் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நடுநடுவில் ரத்தம் படுகிறது என்றால், நீங்களாக நிறுத்தச் சொல்லாமல், அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும்.