ஒரு சேப்டிக்கு

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் நான் அதிகமாகச் சொன்னது 'சேப்டி'தான். மழை வராது என்று தெரிந்தாலும் ஒரு சேப்டிக்குக் குடை எடுத்துக்கொள்வேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன், சேப்டி இல்லை. தாலிக்கயிற்றில் எப்போதும் நாலைந்து சேப்டி பின் தொங்கும். யாருக்கு எப்போது எது கிழியும் என்று யார் கண்டது? "உன் கழுத்துல ஒரு பேன்ஸி ஸ்டோரே தொங்குது" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் போய்வருகிறோம். கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. நான் பேக்கிங், அவர் பிரஸ் மிஷின். இரண்டு பேரும் காண்ட்ராக்ட். அங்கே சேப்டி என்றால் ஒரு ஆள். அந்த ஆபீசரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "சேப்டி வர்றாரு" என்றால் ஹெல்மெட்டெல்லாம் தலைக்கு ஏறும். அவர் அந்தப் பக்கம் போனதும் இறங்கிவிடும்.

பிரஸ் மிஷினில் இரண்டு பச்சை பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலேயிருந்து தகட்டை அடிக்கிற டை இறங்கும். கை பட்டன் மேல் இருக்கிறவரைக்கும் உள்ளே மாட்டாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படி அமுக்கிக்கொண்டிருந்தால் அவர்கள் கேட்கிற அளவுக்குப் பீஸ் வராது. அதனால் ஒரு பட்டனை அமுக்கி, அது எழாதபடி ஓரத்தில் ஐஸ் குச்சியைச் செருகிவிடுவார்கள். ஒரு கை தகடு வைக்கும், இன்னொரு கை மிஷினை ஓட்டும். லைன் முழுக்க இப்படித்தான். வெளியிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிற அன்று மட்டும் சூப்பர்வைசர் "குச்சி, குச்சி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். எல்லோரும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

"அந்தக் குச்சிய எடுத்துட்டு ஓட்டக்கூடாதாய்யா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"நான் குச்சிய எடுத்தா அவங்க என்னிய எடுத்துடுவாங்க. நீ பயந்துகினே இரு, நான் சம்பாரிச்சுகினே இருக்கேன்" என்பார்.

ஒரு மத்தியானம் பிரஸ் லைன் சத்தம் நின்றது. மிஷின் ரிப்பேர் என்றால் ஆட்கள் பேசிச் சிரிக்கிற சத்தமாவது கேட்கும். அன்று கேட்கவில்லை. நான் டேப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யம்மா, மிஷின்னு சொல்லாத. குச்சி வச்சது அவன்தான, அவன் மேலதான் வரும். கவரப்பேட்டையாண்ட பைக்ல உழுந்துட்டான்னு சொல்லு. வேல அப்படியே இருக்கும். உங்க சேப்டிக்குத்தான் சொல்றேன்."

"குச்சி வெக்கலன்னா பீஸ் வருமா சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா பேசிக்கினு."

எங்களிடம் பைக்கே கிடையாது. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே என் வீட்டுக்காரர் டாக்டரிடம் பைக் என்று சொல்லிவிட்டிருந்தார்.

"பைக்ல விழுந்தா விரல் இப்படியா போகும்?" என்று டாக்டர் கேட்டது காதில் விழுந்தது.

"செயின்ல மாட்டிக்கிச்சு சார்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். கையைத் தூக்கிக் கட்டின துணி அவிழ்ந்து அவிழ்ந்து வந்தது. தாலியிலிருந்து ஒரு பின்னைக் கழற்றிக் குத்திவிட்டேன். வருஷக்கணக்காகச் சுமந்ததில் அது ஒன்றுதான் அவருக்கு உதவியது.

சொன்னபடி வேலை இருந்தது. இப்போது ஸ்கிராப் யார்டில் இடது கையால் தகட்டுத் துண்டு பொறுக்குகிறார். அவருடைய மிஷினில் வேறொருவர் நிற்கிறார். பட்டனில் குச்சி இருக்கிறது. சேப்டி அந்த வழியாகத்தான் தினமும் போகிறார்.

இந்த வருஷம் சேப்டி வாரத்துக்கு எல்லோரையும் வெளியே வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். விருந்தாளிகள் முன்னால் நாற்காலியில் இருந்தார்கள். வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். சேப்டி மைக்கில் வாசிக்க வாசிக்க நாங்கள் திருப்பிச் சொன்னோம். பொம்பளைகள் வரிசையிலிருந்து நான் திரும்பிப் பார்த்தேன். எல்லா கையும் நீண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கை மட்டும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. வாய் மட்டும் எல்லோரோடும் சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ரயிலில் கேட்டேன். "ஏன்யா கைய நீட்டல? சூப்பர்வைசர் எதுனா சொன்னாரா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. வந்தவங்க பாத்துட்டு இன்னாச்சுன்னு கேட்டா, மறுபடியும் அந்த பைக்க ஓட்டணும். பேஜாரு. ஒரு சேப்டிக்கு உள்ள வச்சுக்கினேன்."

எளாவூர் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கை பாக்கெட்டிலேயே இருந்தது.