எடுத்த இடத்தில் போடாத பெஞ்சு

காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் ஆயாவின் கோபம் பிரசித்தம். பெஞ்சை ஒரு சாண் தள்ளிப் போட்டால், தலைமையாசிரியரையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அன்று பள்ளியைப் பார்க்க வந்தவர்கள், போட்டோவுக்காக ஒரு பெஞ்சை நடைபாதையில் இழுத்துப் போட்டார்கள். வழக்கம்போல் ஓடிவந்த பார்வையற்ற சிறுமி அதில் இடித்து விழுந்தாள். உதடு கிழிந்தது.

"ஐயோ பாவம், கண்ணு தெரியலையே!" என்று உச்சுக்கொட்டினார் வந்தவர்களில் ஒருவர்.

ஆயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவமாவது, புண்ணியமாவது! கண்ணு தெரியாமலே இத்தனை வருஷமா இங்கதான் ஓடுறா. ஒருநாள் விழுந்ததில்ல. பெஞ்சை எடுத்த இடத்துல போடுங்கய்யா!"

அந்தக் கத்தலைக் கேட்டும் வந்தவர்கள் அசையவில்லை. காது கேளாத பிள்ளைகள்தான், அவள் முகத்தைப் பார்த்ததுமே ஓடிவந்து பெஞ்சைத் தூக்கினார்கள்.